கிழட்டுப் பூனைக்கு இன்சுலினா?

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று எங்கள் செஞ்சியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். "ஏன், ஜாங்கிரி ஜாஸ்தி சாப்பிட்டுதா?" என்பார்கள். அதற்குத் தினமும் இரண்டு வேளை ஊசி போட வேண்டும் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். "மனுசனுக்கே வழியக் காணோம்..." என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சிரிப்பவர்கள், கோபப்படுபவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான். வயதான பூனைக்கு வரும் சர்க்கரை நோயைச் செஞ்சி மாதிரி ஒரு சின்ன ஊரில், ஒரு சாதாரணக் குடும்பத்தால் சமாளிக்க முடியும். அதற்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி ஏற்கெனவே நம் வீட்டிலும் மருந்துக்கடையிலும் இருக்கின்றன. மனிதர்களுக்கு வந்த வியாதி அவற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஆனால் மனிதர்களுக்குச் செய்வதை அப்படியே பூனைக்குச் செய்தால் பூனை செத்துப்போகும். இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

(ஒரு விஷயம்: நான் கால்நடை மருத்துவம் படிக்கிறவன் இல்லை. எங்கள் வீட்டில் பதிமூன்று வயது ஆண் பூனை ஒன்று இருக்கிறது. பெயர் வெள்ளையன். இரண்டு வருடமாகச் சர்க்கரை. படித்தது, டாக்டரிடம் கேட்டது, கையால் செய்து பார்த்தது, இவ்வளவுதான் என் தகுதி.)

நெல் ஊர்ப் பூனைகள்

செஞ்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டை ஞாபகம் வரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. சுற்றுவட்டார விவசாயிகளுக்குச் செஞ்சி என்றால் நெல் மூட்டை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், அரிசி ஆலை. கோட்டைக்குள்ளேயும் ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பூனை இருக்கும். இந்த ஊரில் பூனை வளர்ப்பது பொழுதுபோக்காக ஆரம்பித்ததில்லை. மூட்டையைக் காப்பாற்றும் வேலைக்காரனாகத்தான் அது வீட்டுக்குள் வந்தது.

இப்போது அந்த வேலை பாதி போய்விட்டது. பூனை டிவி மேல்... மன்னிக்கவும், இப்போதைய டிவி மேல் படுக்க முடியாது, டிவி பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது. தயிர்ச்சோறோ, மீன் குழம்பு பிசைந்த சோறோ சாப்பிடுகிறது. கொழுகொழுவென்று இருந்தால் "நல்லா வளர்த்திருக்கீங்க" என்று பாராட்டும் கிடைக்கிறது. பிரச்சினை இந்தக் கொழுகொழுவில்தான் இருக்கிறது.

பூனைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவு மாதிரியே. உடம்பில் கொழுப்பு ஏறினால் இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படுவது குறைகிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து சுரந்து களைத்துப் போகிறது. மனிதக் கணையத்தில் படிகிற அதே மாதிரி அமிலாய்டு என்ற புரதப் படிவு பூனையின் கணையத்திலும் படிகிறது. நடுவயதைத் தாண்டியவை, ஆண் பூனைகள், கருத்தடை செய்யப்பட்டவை, எடை கூடியவை, வீட்டுக்குள்ளேயே கிடப்பவை - இவற்றுக்கு ஆபத்து அதிகம். அரிப்புக்காகவும் வேறு உபாதைகளுக்காகவும் அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போடப்பட்ட பூனைகளுக்கும் வரலாம்.

இங்கிலாந்தில் காப்பீடு செய்யப்பட்ட பூனைகளை வைத்து 2007ல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ 230 பூனைகளுக்கு ஒன்று என்று கணக்கு வந்தது. அபூர்வ வியாதி என்று சொல்ல முடியாத கணக்கு இது.

சோறு போட்டதால்தான் சர்க்கரை வந்தது என்று நேரடியாகப் பழி போட முடியாது. பருமனும் சோம்பலும்தான் முதல் குற்றவாளிகள். ஆனால் பூனை பிறவியிலேயே முழு மாமிசப் பிராணி. சாப்பிட்ட மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையைக் கல்லீரல் சட்டென்று பிடித்து வைக்க குளுக்கோகைனேஸ் என்ற நொதி வேண்டும். பூனைக் கல்லீரலில் அது மிகமிகக் குறைவாக வேலை செய்கிறது. ஏற்கெனவே சர்க்கரை வந்துவிட்ட பூனைக்குச் சோறு பெரிய சுமை. இன்னொன்று, கருத்தடை செய்தால் சர்க்கரை வரும் என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், எடை ஏறும். அளவாகப் போட்டால் போதும்.

நோய் தன் பெயரிலேயே சொல்கிறது

"நீரிழிவு" எவ்வளவு பொருத்தமான சொல் என்று வெள்ளையனைப் பார்த்துத்தான் புரிந்தது. நீர் இழிதல் என்றால் நீர் இறங்கிக்கொண்டே இருத்தல். ரத்தத்தில் சர்க்கரை ஒரு அளவைத் தாண்டியதும் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் வெளியே விடுகிறது. சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பூனைக்கு அந்த அளவு சுமார் 250 முதல் 300 மில்லிகிராம். மனிதர்களுக்கு 180. அதாவது பூனையிடம் அறிகுறி தெரியும்போது சர்க்கரை நன்றாகவே ஏறிவிட்டிருக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை நான்கு:

1. தண்ணீர் அதிகம் குடிப்பது. பூனை இயல்பாகவே தண்ணீரை அதிகம் நாடாத பிராணி. அது குடத்தடியில், குழாயடியில் போய் நிற்கிறது என்றால் கவனியுங்கள்.
2. சிறுநீர் அதிகம் போவது. மணலில் பெரிய பெரிய கட்டிகளாக இருக்கும். எறும்பு மொய்க்கலாம்.
3. நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது.
4. பின்னங்கால் முழுவதும் தரையில் பதிய நடப்பது. சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டால் குதிகால் தாழ்ந்து முயல் மாதிரி நடக்கும். முன்பு எம்பிய சுவரில் எம்ப முடியாது.

கடைசி அறிகுறியைப் பார்த்து எல்லோரும் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஆயாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஆயாவின் சர்க்கரையை வருடக்கணக்கில் பார்த்த வீடு என்பதால்தான் வெள்ளையனின் தாகம் எங்கள் கண்ணில் பட்டது. "இது நம்ம ஆளு மாதிரியே தண்ணி குடிக்குதுடா, கூட்டிட்டுப் போய்க் காட்டுடா" என்று முதலில் சொன்னது ஆயாதான் :-)

எடை இன்னொரு நல்ல துப்பு. நாலு கிலோ பூனை அரை கிலோ குறைந்தால் அது அறுபது கிலோ மனிதன் ஏழரை கிலோ குறைவதற்குச் சமம். ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் பையோடு வைத்து மாதம் ஒரு முறை நிறுத்துக் குறித்து வையுங்கள். பத்து பைசா செலவில்லை.

ஆனால் தாகம் என்றாலே சர்க்கரை என்று நீங்களாக முடிவுகட்டக் கூடாது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறும் தைராய்டு கோளாறும் நிறைய வரும். அவையும் இதே மாதிரிதான் ஆரம்பிக்கும். பரிசோதனை வேண்டும்.

அங்கேயும் ஒரு சிக்கல். பயந்த பூனைக்கு, நோயே இல்லாமல், சர்க்கரை 300க்கு மேல்கூட ஏறலாம். கூடையில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வராந்தாவில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரக்டோசமைன் என்றொரு ரத்தப் பரிசோதனை கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும். ஆயாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறோமே ஹெச்பிஏ1சி, அதற்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இனிதான் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. தயவுசெய்து வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

பூனைக்கு மருந்து பெரும்பாலும் இன்சுலின் ஊசிதான். வெளிநாடுகளில் பூனைக்கென்றே தனி இன்சுலின் விற்கிறார்கள். நம் ஊரில் டாக்டர்கள் பலரும் மனிதர்களுக்கான கிளார்ஜினை எழுதுகிறார்கள். மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்யும் வகை. இதுவும் உலகம் முழுக்கப் பூனைகளுக்குப் பயன்படுவதுதான். 2009ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் புதிதாக நோய் கண்ட 24 பூனைகளுக்கு மூன்று வகை இன்சுலின் கொடுத்துப் பார்த்தார்கள். கூடவே மாவுச்சத்து குறைந்த உணவு. கிளார்ஜின் போட்ட எட்டுப் பூனைகளும் பிறகு இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வந்தன. சின்ன ஆய்வுதான், எல்லாப் பூனைக்கும் இப்படி நடக்காது. ஆனால் சீக்கிரம் ஆரம்பித்தால் ஊசியையே நிறுத்தும் வாய்ப்பு பூனைக்கு உண்டு.

இப்போது ஆபத்து. இந்தியாவில் புட்டியில் வரும் சாதாரண மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஆயாவின் சிவப்பு மூடி சிரிஞ்சில் பூனையின் கிளார்ஜினை "ஒரு யூனிட்" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். பூனைக்கு டாக்டர்கள் ஆரம்பிப்பதே வேளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு யூனிட்டில்தான். இரண்டரை மடங்கு போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இரண்டையும் வேறு வேறு டப்பாவில், வேறு வேறு அலமாரியில் வைத்திருக்கிறோம்.

மற்ற விதிகள்:

- டாக்டர் சொல்லாமல் அளவைக் கூட்டக் கூடாது. ஒரு நாள் எண் அதிகமாக இருந்ததற்காக மறுவேளை ஏற்றினால் விபரீதம்.
- பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் வழக்கமான ஊசியைப் போடுமுன் டாக்டரைக் கேளுங்கள்.
- ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். மூன்று பாறை மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊரில் சித்திரை மாத வெயிலில் ஜன்னலோரம் வைத்த இன்சுலின் வெறும் தண்ணீர்தான்.
- பூனை தள்ளாடினால், துவண்டு விழுந்தால், வலிப்பு வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மயங்கிய பூனை வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கலாம். காது விளிம்பை விரலால் தேய்த்துச் சூடாக்கி ஒரு குத்து. ஒரு சொட்டு போதும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதனால் எண்ணை நீங்களே விளங்கிக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் எடுத்த எண்ணில் பஸ் பயம் கலந்திருக்காது. அதுதான் இதன் பெரிய லாபம்.

வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள்

"ஆயா போடுற மாத்திரையில கால் துண்டு குடுத்தா என்ன?" என்று கேட்டவர்கள் எண்ணிக்கை எனக்கே மறந்துவிட்டது. கொடுக்கக் கூடாது. மெட்ஃபார்மின் போன்றவற்றால் பூனைகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பலன் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு புதுச் செய்தியும் உண்டு. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் வகை மருந்துகள் இரண்டுக்கு அமெரிக்காவில் பூனைகளுக்காகவே அனுமதி கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரை, 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் திரவம். ஊசி இல்லாத காலம் வருகிறதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அவை ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைகளுக்கு இல்லை. சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோ அசிடோசிஸ் என்ற ஆபத்தும் உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின், காப்புரிமை 2020ல் முடிந்த பிறகு விலை குறைந்து நம் ஊர் வீடுகளுக்குள் சகஜமாக வந்துவிட்டது. "ரெண்டும் ஒண்ணுதானே" என்று யாரும் சோதனை செய்துவிடக் கூடாதே என்பது என் கவலை. அப்படியே இன்னொன்று: பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். அது பூனைக்கு விஷம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சோறும் பாலும் குறைய வேண்டும், மீன், கோழி, முட்டை கூட வேண்டும். கடையில் வாங்கும் உலர் தீவனத்திலும் மாவுச்சத்து அதிகம். ஈரமான உணவு பரவாயில்லை. ஆனால் ஊசி போடும் பூனைக்கு ஒரே நாளில் சோற்றை நிறுத்தினால் பழைய அளவு இன்சுலினே அதிகமாகிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வெறும் சதையை மட்டும் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து போதாது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுசனுக்கே வழியில்லையே!

இப்போது கோபப்படுபவர்களுக்கு வருகிறேன். அவர்கள் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். மருந்து வாங்க முடியாமல் வேளையைத் தவிர்ப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்படியிருக்கப் பூனைக்கு இன்சுலினா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பூனைக்கு வேளைக்கு ஒன்றிரண்டு யூனிட்தான். எங்கள் வீட்டுப் பூனையின் ஊசியால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்சுலின் கிடைக்காமல் போவதில்லை. அவருக்குக் கிடைக்காததற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே நாமும் சேர்ந்து குரல் கொடுப்போம். தவிர, பத்து வருடம் மூட்டையைக் காத்த பிராணிக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது என்பது என் எண்ணம். தேசிங்கு ராஜன் கதையில் பாதி அவன் குதிரையின் கதை. அந்தக் குதிரையை முந்நூறு வருடம் கழித்தும் மறக்காத ஊர் இது. உழைத்த பிராணியை மதிக்க நமக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

முடியாதவர்கள் என்ன செய்வது? பணம் இல்லை, வீட்டில் இரண்டு வேளையும் ஆள் இல்லை என்ற நிலை உண்மையானது. கல்லூரி விடுதிக்குப் போய்விட்ட என்னை நம்பி வெள்ளையன் இல்லை. ஆயா தனக்குப் போட்டுக்கொள்ளும் நேரத்தில் அம்மா அதற்குப் போடுகிறாள். அப்படி ஆள் அமையாத வீட்டைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. டாக்டரோடு பேசி வலியில்லாமல் அனுப்பி வைப்பதும் ஒரு முடிவுதான், அதில் பாவம் எதுவும் இல்லை. என் சண்டை, என்ன நோய் என்றே தெரியாமல் "வயசாயிடுச்சு" என்று சொல்லி, தாகத்தோடு திண்ணையில் கிடக்க விடுவதோடுதான். நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் எங்களுக்குக் கிடைத்த பதிலும் அதேதான். ஒரு சொட்டு ரத்தம்கூடப் பார்க்கவில்லை.

என்ன மாறலாம்?

பெரிய ஆசுபத்திரி கேட்கவில்லை. 1903ல் ஆரம்பித்த சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து 160 கிலோமீட்டர் இருக்கும். புதுச்சேரி குரும்பாபேட்டில் ஒரு கல்லூரி, அதுவும் 70 கிலோமீட்டர் பக்கம். ஊருக்கு ரயில் கிடையாது. சர்க்கரைப் பூனையை மாதாமாதம் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒருமுறை போய் நோயை உறுதி செய்துகொண்டு, மற்றதை உள்ளூரில் பார்த்துக்கொள்ள வழி வேண்டும்.

அதற்கு வேண்டியது, ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் ஒரு குளுக்கோமீட்டர், ஒரு டப்பா சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை. இரண்டும் பெரிய செலவில்லை. ஆடு மாடு பார்க்கவே ஆள் போதாத இடத்தில் பூனைக்குத் தனி டாக்டர் வேண்டாம். "தண்ணி நிறையக் குடிக்குதா?" என்று ஒரு கேள்வி போதும். மருந்துக்கடைக்காரர்களும் சிரிஞ்சு கொடுக்கும்போது "எந்த இன்சுலினுக்கு?" என்று கேட்டுக் கொடுத்தால் போதும். அந்தக் கேள்வியால் மனிதர்களும் பிழைப்பார்கள்.

நம் பங்குக்கு, வீட்டில் எட்டு வயது தாண்டிய பூனை இருந்தால் இந்த வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையில் கோடு போட்டு நிரப்பி, மாலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் சந்தோஷம். சந்தேகம் இருந்தால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் பிடித்த பூனைக்குத்தான் ஊசியிலிருந்தே விடுதலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.